வாரத்துக்கு விட்ட ஆடு

பெண்டாட்டி தன்மேல் கேஸ் போட்டுவிட்டாள் என்று தெரிந்ததும் சின்னக்கருப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. சந்தோஷத்தில்தான். மதுரை ஜெயிலில் கோர்ட்டு நோட்டீஸ் வந்தால் மற்றவர்கள் தலையில் கை வைத்து உட்காருவார்கள், இரண்டு வேளை சோற்றைத் தள்ளி வைப்பார்கள். இவன் பிளாக்கின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடினான், திரும்பி ஓடி வந்தான். வார்டர் அதட்டிய பிறகுதான் நின்றான்.

"திரும்பப் படிங்கண்ணே" என்று பொன்னுச்சாமியிடம் காகிதத்தை நீட்டினான்.

பொன்னுச்சாமி சாயல்குடியில் பத்திரம் எழுதிக்கொண்டிருந்தவர். ஒரே புஞ்சையை மூன்று பேருக்கு எழுதிக் கொடுத்ததில் உள்ளே வந்துவிட்டார். சட்டம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. மாட்டிக்கொள்ளாமல் இருக்க மட்டும் அது உதவவில்லை.

"எத்தன தடவதான்லே படிக்க?"

"அந்தத் தகப்பன்னு வருதுல்ல, அந்த எடத்த மட்டும் படிங்க."

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசித்தார். "மைனர் துர்காதேவியின் தகப்பனான எதிர்மனுதாரர், மேற்படி குழந்தையைப் பராமரிக்கத் தவறியதால், மாதாமாதம் ரூபாய் இரண்டாயிரம் ஜீவனாம்சமாக..."

"கேட்டீகளா! தகப்பனானன்னு போட்டிருக்கு! கோர்ட்டே சொல்லிருச்சு!"

"ஏலே கிறுக்கா, நீ பணம் கட்டணும்னு போட்டிருக்குலே."

"அதான! தகப்பன்கிட்டத்தான கேப்பாக? எதுத்த வீட்டுக்காரன்கிட்டயா போயிக் கேப்பாக?"

அவன் குதியாட்டத்துக்குக் காரணம் இருந்தது. சின்னக்கருப்பன் திருடியோ குடித்துவிட்டு வெட்டியோ ஜெயிலுக்கு வந்தவன் அல்ல. கபடியால் வந்தவன். மகளுக்குப் பள்ளிக்கூடப் பை வாங்கி வருகிறேன் என்று கிளம்பியவன், மாரியூரில் மைக் சத்தம் கேட்டு அங்கன எட்டிப் பார்த்தான். எட்டிப் பார்த்தவனை ஆள் குறைகிறது என்று ஆட இறக்கினார்கள். கடைசியாகக் கபடி பாடிப் போனபோது அவன் கால் போனஸ் கோட்டைத் தொட்டது. தொடவில்லை என்றார் பரமக்குடியிலிருந்து வந்திருந்த நடுவர். விசில் வைத்திருந்த அவருடைய கையை இவன் பிடித்து முறுக்கினான். முறுக்கியது கொஞ்சம் கூடிப்போய் எலும்பு இரண்டாகிவிட்டது. கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டபோது, "கைய ஒடிச்சது நெசம்யா. ஆனா காலு கோட்டத் தொட்டதும் நெசம்" என்றான். இரண்டு வருஷம் போட்டார்கள்.

மனைவி சுகந்தி ஒரே ஒரு தடவை மனு போட்டு அவனைப் பார்க்க வந்தாள். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்று அழவில்லை, திட்டக்கூட இல்லை. "பை வாங்கப் போன மனுசன் கை ஒடிச்சிட்டு வந்து நிக்கிறீக. நான் எங்க ஆத்தா வீட்டுக்குப் போறேன். இனிமே எங்க வீட்டுல ஒங்க பேர யாரும் எடுக்கக் கூடாது. பிள்ளகிட்டயும் சொல்லிட்டேன்" என்றாள். சுகந்தி சொன்னால் சொன்னதுதான். அதன்பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் ஒரு போன் இல்லை, ஒரு சேதி இல்லை. மூன்றாம் வகுப்பில் விட்டுவிட்டு வந்த மகள் இப்போது நான்கா ஐந்தா என்றுகூட அவனுக்குத் தெரியாது. பேர் எடுக்காத வீட்டில் ஒரு பிள்ளை அப்பனை எத்தனை நாளைக்கு ஞாபகம் வைத்திருக்கும்? மற்ற எதற்கும் கலங்காத மனுஷன் இதை நினைத்தால் மட்டும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வான். இப்போது அந்தச் சுகந்தியே அவனைத் தகப்பன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறாள். துள்ளாமல் என்ன செய்வான்?

பொன்னுச்சாமி அவனை உட்காரவைத்து யோசனை சொன்னார். "நான் சொல்றதக் கேளு. ஜெயில்ல இருந்தா கட்ட வேண்டாம்னு சட்டம் இல்ல. ஆனா வருமானம் இல்ல, ஒண்ணும் இல்லேன்னு கையக் கட்டிக்கிட்டு நின்னேன்னா, தொகையக் கொறப்பாக. இல்லேன்னா நீ வெளிய வர்ற வரைக்கும் தள்ளி வப்பாக."

"தள்ளி வச்சா?"

"நீ இப்பக் கட்ட வேண்டியதில்ல. தப்பிச்ச."

சின்னக்கருப்பன் அவரை, நடுவரைப் பார்த்த மாதிரி பார்த்தான். பொன்னுச்சாமி தன் கையைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டார்.

"எம்மக கேட்டு நான் இல்லங்கவா? வளர்ற பிள்ளைக்கு ரெண்டாயிரம் எந்த மூலைக்குண்ணே காணும்? கூடக் கேட்டிருக்கலாம்ல இந்தச் சுகந்தி? வெவரமே பத்தாது அவளுக்கு!"

வாய்தா அன்று ஏட்டு முத்துகிருஷ்ணனும் இன்னொரு போலீஸ்காரரும் அவனை ராமநாதபுரம் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கைதிகளோடு பஸ்ஸில் போவது ஏட்டுக்குப் புதிதில்லை. கைதிகள் தலையைக் குனிந்துகொள்வார்கள், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இவனோ ஏறியதிலிருந்து எல்லோர் முகத்தையும் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டு வந்தான். மானாமதுரை தாண்டியதும் பக்கத்துச் சீட்டில் மிளகாய் மூட்டையோடு இருந்த அம்மாள் பொறுக்கமாட்டாமல் கேட்டாள்.

"என்ன கேசுப்பா?"

"ஜீவனாம்சம்மா! எம்மகளுக்கு நான் கட்டணும்னு எம்மேல கேசு!" என்று மார்தட்டினான், மகள் கலெக்டர் ஆகிவிட்ட மாதிரி.

"பெண்டாட்டி போட்டாளா?"

"பின்ன? வேற யாருக்கு அந்த உரிம இருக்கு?"

அந்த அம்மாள் ஏட்டைப் பார்த்தாள். ஏட்டு, எனக்கொன்றும் தெரியாது என்பதுபோல் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். பரமக்குடியில் பஸ் நின்றபோது மட்டும் சின்னக்கருப்பன் முகம் கொஞ்சம் சிவந்தது. "இந்த ஊருக்காரருதான் அந்த நடுவரு. அது போனஸ்தான்யா" என்று ஆரம்பித்தவனை, ஏட்டு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அடக்கினார்.

கோர்ட்டில் அவனுக்காக இலவச சட்ட உதவியில் அமர்த்தப்பட்ட வக்கீல் சேதுராமன் காத்திருந்தார். நல்ல மனிதர், நிறையத் தயார் செய்துகொண்டு வந்திருந்தார். "நீங்க எதுவும் பேச வேணாம். எல்லாம் நான் பாத்துக்கிறேன்" என்றார். சின்னக்கருப்பன் தலையாட்டினான். ஆனால் அவன் காதில் அது ஏறவில்லை. எதிர்ப்பக்கத்தில் சுகந்தி நின்றிருந்தாள். அவள் வக்கீல் ஈஸ்வரிக்குப் பின்னால், தலையை நிமிர்த்திக்கொண்டு, அவன் பக்கமே திரும்பாமல். இளைத்துப் போயிருந்தாள். பிள்ளையைக் கூட்டி வந்திருக்கிறாளா என்று கதவுவரை தேடினான். வரவில்லை.

நீதிபதி அம்மா சென்னையில் பிறந்து வளர்ந்தவர், மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. சேதுராமன் எழுந்து ஆரம்பித்தார். "மேடம், என் கட்சிக்காரர் தண்டனைக் கைதி. வருமானம் எதுவும் கிடையாது. சொத்து எதுவும்..."

"இருக்கும்மா!" என்றது கூண்டு.

சேதுராமன் திரும்பி உதட்டில் விரல் வைத்தார். அது இவனை இன்னும் உசுப்பிவிட்டது.

"ஜெயில் தோட்டத்துல வேல பாக்குறேன், கூலி தராகம்மா. செலவுபோக எங்கணக்குல சேருது, அத அப்பிடியே அனுப்பிரலாம். ஊருல அரை ஏக்கர் புஞ்ச இருக்கு, தரிசாத்தான் கெடக்கு, ஆனா மண்ணு நல்ல மண்ணு. அப்பறம் ஆடு இருக்கும்மா, ஏழெட்டு உருப்படி!"

நீதிபதி அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். ஜீவனாம்சக் கேஸில் இருக்கிற சொத்தை ஒளிக்கிறவர்களைத்தான் அவர் பார்த்திருக்கிறார். இப்படி அள்ளிக் கொட்டுகிறவனைப் பார்த்ததில்லை. சேதுராமன் கையிலிருந்த காகிதக் கட்டை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

"ஆடு இப்போ எங்க இருக்கு?"

"வாரத்துக்கு விட்டிருக்கேம்மா. எங்க ஊரு மாரீஸ்வரன்கிட்ட."

"எந்த வாரத்துக்கு?"

"எந்த வாரம்னா... வாரத்துக்குத்தாம்மா."

"எப்போ விட்டீங்க?"

"உள்ள வாரதுக்கு முன்னாடி. ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு."

"ஒரு வாரத்துக்குக் கொடுத்த ஆட்டை ஒரு வருஷமா திரும்ப வாங்கலையா?"

"அது எப்பிடிம்மா ஒடனே திரும்ப வாங்குறது? குட்டி போடணும்ல?"

"ஒரு வாரத்துல ஆடு குட்டி போடுமா?"

கோர்ட்டில் முதலில் சிரித்தது டவாலிதான். அப்புறம் பெஞ்சில் காத்திருந்தவர்கள், அப்புறம் போலீஸ்காரர்கள். ஏட்டு முத்துகிருஷ்ணன் தொப்பியால் வாயை மூடிக்கொண்டார். சின்னக்கருப்பனுக்கு எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியவில்லை. ஆனால் எல்லோரும் சிரிக்கும்போது தான் மட்டும் சும்மா இருப்பானேன் என்று அவனும் சிரித்தான். நீதிபதி அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. டைப் அடிப்பவர் பக்கம் திரும்பி, "எதிர்மனுதாரர் தனது ஆடுகளை மாரீஸ்வரன் என்பவரிடம் ஒரு வார காலத்துக்கு ஒப்படைத்ததாகவும்..." என்று சொல்லத் தொடங்கினார்.

"அந்த வாரம் இல்லம்மா!"

சத்தம் போட்டவள் சுகந்தி. இவ்வளவு நேரம் சுவரை வெறித்துக்கொண்டிருந்தவளுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. கேஸில் எதிரியாக இருந்தால் என்ன, ஆட்டுக் கணக்கைத் தப்பாக எழுதினால் எந்த மனுஷிக்குத்தான் பொறுக்கும்? முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"வாரம்னா பங்கும்மா. எங்க ஆட்ட ஒருத்தருகிட்ட வளக்கக் குடுப்போம். தாய் ஆடு எங்களுக்கு. போடுற குட்டியில வளக்குறவகளுக்குப் பாதி, எங்களுக்குப் பாதி. இவரு சொல்றதும் அப்பிடித்தான் சொல்லுவாரு, ஒழுங்காச் சொல்லத் தெரியாது."

எங்க ஆடு என்றாளே, சின்னக்கருப்பன் அதைப் பிடித்துக்கொண்டான். இவரு என்றாள் பார், அதையும் பிடித்துக்கொண்டான். கூண்டுக்குள்ளேயே அவன் கால் நிலத்தில் நிற்கவில்லை.

நீதிபதி அம்மா, "ஓ, அந்த வாரமா!" என்று சொல்லி, தானும் சிரித்துவிட்டார். முன்பு சொன்னதை நீக்கச் சொல்லிவிட்டுத் திருத்திச் சொன்னார். இந்தச் சமயம் பார்த்து வக்கீல் ஈஸ்வரி சட்டென்று எழுந்தார். எதிராளி வாயாலேயே சொத்து வெளிவந்திருக்கிறது, இதை விடலாமா?

"மேடம், மாரீஸ்வரன் வசமுள்ள மேற்படி ஆடுகளை உடனடியாக ஜப்தி செய்து, குழந்தையின் ஜீவனாம்சத்துக்காக..."

சுகந்தி அவர் அங்கியைப் பிடித்து இழுத்தாள்.

"...குட்டிகள் உட்பட அனைத்தையும் கைப்பற்றி..."

சுகந்தி இன்னும் பலமாக இழுத்தாள். அங்கி ஒரு தோளிலிருந்து நழுவியது.

"என்னம்மா?" என்றார் ஈஸ்வரி பல்லைக் கடித்துக்கொண்டு.

"மாரீஸ்வரன்கிட்ட இல்லக்கா" என்று சுகந்தி முணுமுணுத்தாள். "எங்க வீட்டுலதான் இருக்கு."

ஈஸ்வரி தன் கட்சிக்காரர் வீட்டிலேயே ஜப்தி கேட்டு வாதாடிக்கொண்டிருந்தது கோர்ட்டு முழுவதற்கும் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. அப்புறம் எழுந்த சிரிப்பை அடக்க டவாலியால்கூட முடியவில்லை. அவரும்தானே சிரித்துக்கொண்டிருந்தார்.

"உங்க வீட்டுக்கு எப்படி வந்தது?" என்று நீதிபதி அம்மா கேட்டார்.

"மாரீஸ்வரன் உப்பளத்து வேலைக்குப் போயிட்டாரும்மா. ஆடு பட்டியில கெடந்து கத்துச்சு. எம்மக இன்னும் அந்த ஊரு ஸ்கூலுக்குத்தான் போறா. விட்டு வாரப்ப பாத்திருக்கா, அம்புட்டையும் ஓட்டிட்டு வந்து எங்க வாசல்ல கட்டிப்புட்டா. திருப்பி ஓட்டிவிடுடீன்னேன், கேக்கல. மேய்க்கிறது, தழ ஒடிச்சுப் போடுறது, தண்ணி காட்டுறது எல்லாம் அவதான். நான் கூலிக்குப் போயிருவேன்."

"அப்போ வளர்க்கிறவங்க பங்கு, உங்க வழக்கப்படி, உங்க மகளுக்குத்தான்."

"ஆமாம்மா."

"இவர் பங்கையும் நான் ஜீவனாம்சத்துக்கு எடுத்துக்கொண்டால்?"

சின்னக்கருப்பன் முந்திக்கொண்டான். "மொத்தமும் எம்மகளுக்குத்தாம்மா! எழுதிருங்கம்மா! தாய் ஆட்டையும் சேத்து எழுதிருங்க!"

நீதிபதி அம்மா உத்தரவைச் சொன்னார். தண்டனை அனுபவிப்பதால் தகப்பனின் கடமை தீர்ந்துவிடாது. ஜெயில் கூலியில் சேர்வது மாதாமாதம் குழந்தைக்குப் போக வேண்டும். ஆடுகளும் குட்டிகளும் குழந்தைக்கே. குறைகிறதை விடுதலையானதும் உழைத்துக் கட்ட வேண்டும். தண்டனை முடியவில்லை என்று சாக்குச் சொல்லித் தப்ப முடியாது.

"சரிம்மா!" என்று அவன் போட்ட சத்தத்தில் ஜன்னல் கம்பியில் இருந்த புறா பறந்தது. "ரெண்டாயிரத்தக் கொஞ்சம் கூட்டிப் போட முடியாதாம்மா?"

"அதை மனுதாரர்தான் கேட்கணும்" என்று சொல்லிவிட்டு நீதிபதி அம்மா அடுத்த கேஸைக் கூப்பிடச் சொன்னார். சேதுராமன் அவனிடம், தன் சர்வீஸில் இவ்வளவு சந்தோஷமாகத் தோற்ற கட்சிக்காரரைப் பார்த்ததில்லை என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

வெளியே வராந்தாவில் ஏட்டு முத்துகிருஷ்ணன், தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிக் கொஞ்ச தூரம் தள்ளிப்போய் நின்றுகொண்டார். இன்னொரு போலீஸ்காரர் பக்கத்தில் நின்றாலும் வேறுபக்கம் பார்த்தார். சுகந்தி வேப்பமர நிழலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். போய்விடுவாள். அதற்குள் கேட்டாக வேண்டும். இரண்டு எட்டு அவள் பக்கம் வைத்தான்.

"புள்ள" என்றான். "பிள்ளைக்கு என் ஞாபகம் இருக்கா?"

அவள் நிமிரவில்லை. "ஒங்க பேர வீட்டுல எடுக்கக் கூடாதுன்னு சொன்னேன். சொன்னது சொன்னதுதான். அவ ஒரு நா எடுத்ததில்ல."

காலையிலிருந்து இருந்த அத்தனை குதூகலமும் வடிந்துபோயிற்று. கோர்ட்டு தகப்பன் என்று சொன்னால் ஆயிற்றா? சரி, கேட்டது நம் தப்பு என்று நினைத்துக்கொண்டு ஏட்டு நின்ற பக்கம் திரும்பினான்.

"இருங்க, இன்னும் முடிக்கல" என்றாள் சுகந்தி. "அந்த ஆட்டுல ஒரு கெடாக்குட்டி போட்டுச்சு. அதப்போல ஒரு வம்பு புடிச்ச உருப்படிய நான் பாத்ததில்ல. வாரவக போறவகள எல்லாம் முட்டும். தழ திங்க விட்டா அடுத்தவன் மொளகாக் கொல்லையில நிக்கும். தலையாரியையே முட்டித் தள்ளிருச்சு. அதுக்கு ஒங்க மக என்ன பேரு வச்சிருக்கா தெரியுமா?"

"என்ன?"

"சின்னக்கருப்பன்."

அவன் வாயைப் பிளந்தான்.

"விடிஞ்சு எந்திரிச்சதுலருந்து இதே பாட்டுத்தான். 'ஏலே சின்னக்கருப்பா, எங்கலே போன? ஏலே சின்னக்கருப்பா, வீட்டுக்கு வாலே!' ஊரே கேக்க நின்னு கத்துறா. பேர எடுக்காதன்னு சொன்னேன்லடீன்னு கம்ப எடுத்தா, 'நான் ஆட்டத்தானம்மா கூப்புடுறேன்'ங்குறா. நான் என்னத்தச் சொல்ல?" அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவனுக்குச் சரியாகத் தெரியவில்லை, அவன் கண்ணே கலங்கியிருந்தது.

"அது..." சட்டைத் தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அது கூப்புட்டா வருதா?"

"எது?"

"கெடாக்குட்டி."

"வராம? எந்தக் கொல்லையில நின்னாலும் அவ கொரல் கேட்டா ஓடி வந்துரும்." செருப்பை மாட்டி முடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவனை நேராகப் பார்த்தாள். "நீங்களும் வந்து தொலைங்க. அடுத்த வாரம் பிள்ளையக் கூட்டிக்கிட்டு மனு போட வாரேன். வாரம்னா நெசமான வாரம்."

சொல்லிவிட்டு வேகமாகப் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள். சின்னக்கருப்பன் ஓடப் போனான், போலீஸ்காரர் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்த பிடியில் நின்றுகொண்டே, சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும், கோர்ட்டு வளாகமே திரும்பிப் பார்க்கக் கத்தினான்.

"கூப்புடுறத நிப்பாட்ட வேணாம்னு சொல்லு புள்ள!"